ஐஸ்கிரீம் பெட்டிக்குள் செர்னோபில்

நான் பயந்தவன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, பயத்தையே தொழிலாக்கிச் சம்பளம் வாங்கியவன். 2009ஆம் ஆண்டு, சவுத்தாலுக்கு அப்பால், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய கொட்டகையில் எனக்கு வேலை. கோழிக்கறிக்குள் வெப்பமானிக் கம்பியைக் குத்திச் சூடு சரியா என்று பார்ப்பேன். சரி என்றால் திகதி ஸ்டிக்கர் ஒட்டுவேன். இல்லை என்றால் முழுவதையும் குப்பையில் கொட்டச் சொல்லுவேன். என்னைவிடக் கூடச் சம்பளம் வாங்கியவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். ஆனால் "கொட்டு" என்று சொல்லும் அதிகாரம் எனக்குத்தான் இருந்தது. அந்தப் பெருமையில், மிஞ்சிப்போன ஸ்டிக்கர் சுருள்களை மோர்டனில் இருந்த எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து, பிரிட்ஜில் இருந்த சம்பல் வரைக்கும் திகதி ஒட்டினேன். என் மனைவி அவற்றை ஒருநாளும் வாசித்ததில்லை.

"மணந்து பாத்தாத் தெரியாதோ, பழுதோ எண்டு?" என்பாள்.

இந்தப் பயம் என்னைப் பிடித்த இடம் ஜெர்மனி. 1986இல் நான் அங்கே அகதியாகப் போய்ச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு சிறிய பட்டணத்தின் ஓரத்தில் முகாம். எட்டுப் பேருக்கு ஒரு அறை. மே மாதம் ஒருநாள், சந்தை கலைகிற நேரம் போனபோது, கீரை பெட்டி பெட்டியாகக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. வாடாத, தளதளவென்ற கீரை. "இந்தச் சனத்துக்குச் சாப்பாட்டின்ரை அருமை தெரியாது" என்று ஜெர்மன்காரரைத் திட்டியபடியே சாக்கில் அள்ளினோம். கடைக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார்கள். எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் கும்பிட்டு நன்றி சொன்னோம். ஒரு கிழமை முழுக்கக் கீரைதான்: கடைந்தது, சுண்டியது, பருப்போடு போட்டது. செர்னோபிலில் அணு உலை வெடித்த கதையும், அந்த நஞ்சு மழையோடு வந்து கீரையில் இறங்கிய கதையும், ஜெர்மன் தெரிந்த ஒருவர் இரண்டு கிழமை பிந்தி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குத் தலைமயிர் உதிர்ந்தாலும் கீரை, பல் ஆடினாலும் கீரை. வழுக்கை என் அப்பாவுக்கும் இருந்தது, அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.

இப்படிப்பட்ட எனக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டங்கள் நகர்ந்து வரும் லைனில், ஒரு உக்ரேன்காரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது 2007ஆம் ஆண்டு. அவளுக்கு வயது முப்பத்தொன்று. லைனில் நின்ற எங்கள் பெண்கள் என்னை அண்ணை என்று கூப்பிட்டதால் அவளும் அண்ணை என்றாள். மற்றப்படி பேச்சு ஆங்கிலத்தில்தான். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு நொண்டி. இப்போது நினைத்தால் அவள் எங்கள் தமிழிலேயே பேசியதுபோலத்தான் காதில் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவளுடைய ஊர் அந்த உலைக்குக் கிட்ட. பத்து வயதில் பஸ்ஸில் ஏற்றி வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். "மூண்டு நாளிலை திரும்பலாம் எண்டவை" என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் சொன்னாள். எனக்கு அந்தக் கணக்கு நன்றாக விளங்கியது. எங்கள் சனமும் இரண்டு உடுப்போடு, இரண்டு நாளில் திரும்பலாம் என்றுதான் ஊரை விட்டு எழும்பியது. ஆனால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் சில வருடங்களில் சத்தம்போடாமல் திரும்பிப் போய்விட்டார்கள். தடைதான், பொலிஸ் பார்த்தும் பார்க்காமல் விட்டதாம். அம்மா அங்கேயே இறந்துபோனார். இப்போது அப்பா மட்டும், முழுக் கிராமத்துக்கும் ஒரே ஆளாக.

அவர் போனில் சொல்வதையெல்லாம் அவள் எனக்கு வந்து சொல்லுவாள். பள்ளிக்கூடத்துத் தரையைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்துவிட்டது. நாரைகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் கூடு கட்டியிருக்கின்றன. ஓநாய்கள் வாசல்வரை வந்து போகின்றன. தபால் கந்தோர்ச் சுவருக்குள் தேனீக்கள் தாமாகவே வந்து குடியேற, அவர் அவற்றைப் பெட்டிகளுக்குள் மாற்றி வளர்க்கிறார்.

"நேற்று பஸ் ஸ்டாண்டிலை ஒரு பெரிய கொம்புமான் நிண்டதாம் அண்ணை. பஸ் வந்து இருபது வருசத்துக்கு மேலை."

நான் சிரித்தேன். மனதுக்குள், என்ன பைத்தியக்கார மனிதர் என்று நினைத்தேன். அந்த வருடமே ஒருநாள் அவள் அந்தப் பைத்தியக்கார மனிதரின் தேனில் ஒரு போத்தல் கொண்டுவந்து என் கையில் தந்தாள். உக்ரேனிலிருந்து பார்சல் கொண்டுவரும் வெள்ளை வேனில் வந்ததாம்.

"போத்தலை மட்டும் திருப்பித் தாங்கோ. மூடியோடை போத்தல் அப்பாவுக்கு அங்கை கிடைக்காது."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆகா" என்றேன். போத்தலைத் துணியில் சுற்றி, காரின் பின்பெட்டியில், என்னிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கமுடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சிங்கில் ஊற்றலாம் என்றால், அது தேம்ஸ் நதி வரைக்கும் போகும். குப்பையில் போடலாம் என்றால் நரிகள் வந்து நக்கும். பிறகு மோர்டன் நரிகளின் பாவம் என் தலையில். கடைசியில் கையுறை போட்டுக்கொண்டு, தேனை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் ஊற்றி, "சாப்பிடக்கூடாது" என்று ஸ்டிக்கர் ஒட்டி, தோட்டத்து ஷெட்டில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஊற்றுவதற்கு முன் வேலைத்தலத்துப் பழக்கத்தில் வெப்பமானிக் கம்பியையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பாகை என்றது. அதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை. மனைவி அந்தப் போத்தலில் தான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை நிறைத்துத் தந்தாள். "தேன் எங்கை?" என்று கேட்டாள். வேலையிடத்தில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். உக்ரேன்காரி கேட்டபோது, வீட்டில் எல்லோரும் போட்டி போட்டுச் சாப்பிட்டோம் என்று சொன்னேன். அவள் அதை அப்பாவுக்குச் சொல்ல, அவர் சந்தோசப்பட்டு அடுத்த போத்தலை அனுப்ப, நான் அதையும் பெட்டியில் ஊற்ற, மனைவி மறுபடி தூள் நிறைக்க, அவர் தூள் அருமை என்று சொல்லி அனுப்ப, இப்படியே இரண்டு வருடம் ஓடியது. இரண்டு வருடமாகப் பெட்டி ஏன் நிரம்பவில்லை என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. சூடு, திகதி, அளவு பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

பிறகு 2009 மே மாதம் வந்தது. ஊரில் போர் முடிந்த விதத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லுகிறேன். மனைவி வேலைக்குப் போய் வந்தாள், சமைத்தாள், மாதா கோயிலில் முழங்காலில் இருந்தாள். பேசவில்லை. ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது. நான் செய்ததும் ஒரு ஸ்டிக்கர் வேலைதான்.

அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு வடக்குக் கரையோரத்தில் இருந்தது. அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். 1990இல் சனம் எழும்பிய பிறகு அந்தப் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, யாரும் உள்ளே போகமுடியாமல் போயிற்று. நாங்கள் கலியாணம் கட்டியது அதற்குப் பிறகு, ஜெர்மனியில். ஆகவே ஒருநாள்கூடப் படுத்தெழும்பாத வீட்டுக்கு நான் மாப்பிள்ளை. வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் தேடி, காட்டுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறக் கூரையைக் கண்டுபிடித்தேன். அதுதான் வீடு என்று முடிவு செய்து, பெரிதாக அச்சடித்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். திகதியும் போட்டேன்.

"எனக்கெண்டால் தெரியேல்லை" என்றாள் மனைவி.

"இதுதான். எனக்குத் தெரியும்" என்றேன். அந்த மண்ணில் கால் வைக்காதவன் சொன்னேன். பிறகு ஒவ்வொரு காலையும் பால் எடுக்கும்போது அந்தக் கூரையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஜூலையில் உக்ரேன்காரி என்னைச் சாப்பாட்டு அறையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவுக்கு விசா கிடைத்துவிட்டது. ஆறு கிழமை வந்து தன்னோடு இருக்கப் போகிறார்.

"அண்ணை, அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு ஏலாது. போன மாரியிலை ஐஸிலை சறுக்கி விழுந்து, ரெண்டு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தவர். அங்கை செத்தால் ஆருக்குத் தெரியும்? கீவிலை பெரியம்மா வீட்டிலை அறை இருக்கு. அங்கை போகச் சொல்லுங்கோ."

"நான் சொன்னால் கேப்பாரோ?"

"நீங்கள்தான் அவற்ரை தேனைச் சாப்பிடுற ஆள். வேறை ஆற்ரை சொல்லைக் கேக்கப்போறார்?"

அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்ட பொறி விளங்கியது. அந்த மண் நஞ்சு, போகாதீர்கள் என்று சொல்லவேண்டும். சொன்னால், அந்த நஞ்சில் விளைந்த தேனை ஏனப்பா இரண்டு வருடம் நக்கினாய் என்று அவர் கேட்பார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு இருவரையும் வீட்டுக்கு அழைத்தோம். அவர் உயரமான மனிதர். நல்ல வெயிலிலும் கோட் போட்டிருந்தார். முன்னால் இரண்டு பல் இரும்பு. உக்ரேன் மொழி தவிர வேறொன்றும் தெரியாது, மகள்தான் மொழிபெயர்த்தாள். மனைவி இடியப்பமும் சொதியும் உறைப்பில்லாத கோழிக்கறியும் வைத்தாள். அவர் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பிறகு கோட் பைக்குள் கையை விட்டு ஒரு தேன் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். ஒரு கரண்டி நிறைய எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். வீரம் இல்லை, வெட்கம்தான். விழுங்கினபோது 1986ஆம் ஆண்டுக் கீரை முழுவதும் திரும்பவும் தொண்டைக்குள் இறங்கியதுபோல இருந்தது.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் இப்பிடி முழுசுறியள்? ஒவ்வொரு நாளும் குடிக்கிறதுதானே."

"என்னத்தை?"

"இந்தத் தேனைத்தான். ஷெட்டுக்குள்ளை ஐஸ்கிரீம் பெட்டியிலை இருந்துது. உங்கடை இருமலுக்கு இஞ்சித் தண்ணியிலை கலந்து காலமையிலை தாறன்."

"அதிலை சாப்பிடக்கூடாது எண்டு எழுதி ஒட்டினனானே!"

"ஐஸ்கிரீம் பெட்டியிலை எழுதியிருக்கிறதை ஆர் நம்புறது? வனிலா எண்டுந்தான் எழுதியிருந்தது."

அவள் சொன்னது நியாயம். எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் பெட்டிகளில் கருவாடு இருக்கும், கறிவேப்பிலை இருக்கும், ஊசி நூல் இருக்கும். ஐஸ்கிரீம் மட்டும் இருந்ததில்லை. என் இருமல் நின்றது, குளிர்ந்த தண்ணீர் குடிக்காத என் கட்டுப்பாட்டால்தான் என்று நான் லைனில் நின்ற எல்லோருக்கும் புத்தி சொல்லி வந்திருந்தேன். அதுவும் போயிற்று.

ஷெட், ஐஸ்கிரீம், வனிலா என்ற சொற்கள் போதும், உக்ரேன்காரி பிடித்துவிட்டாள்.

"நீங்கள் சாப்பிடேல்லையா அண்ணை?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையையும் சொன்னேன்.

"ரெண்டு வருசமா?" என்றாள். "பெரியம்மாவின்ரை பிள்ளையளும் இப்பிடித்தான், வாங்கிக்கொண்டு போய் ரோட்டிலை ஊத்துறவை. நீங்கள் சாப்பிடுறியள் எண்டுதானே அவருக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான்."

எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் அப்பாவின் பக்கம் திரும்பி, ஒன்றையும் மறைக்காமல் மொழிபெயர்த்தாள். அவர் கரண்டியை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அவள் திகைத்துப்போய் ஒருமுறை கேட்டு, மறுமுறையும் கேட்டாள்.

"அப்பாவும் ஒண்டு சொல்லவேணுமாம். உங்கடை தூளை அவர் ஒருக்காத்தான் வாயிலை வைச்சவராம். அண்டைக்கு முழுக்க வாளித் தண்ணிக்குப் பக்கத்திலை இருந்தவராம். அதுக்குப் பிறகு வந்ததெல்லாத்தையும் உருளைக்கிழங்குத் தோட்டத்தைச் சுத்தித் தூவினவராம். காட்டுப்பண்டியள் மணந்துபோட்டுத் தும்மித் தும்மி ஓடிச்சுதாம்."

அவர் எழுந்து நின்று, பன்றி தும்முவது எப்படி என்று செய்து காட்டினார். என் மனைவி சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அந்தச் சத்தத்துக்காக நான் இன்னும் பத்துப் போத்தல் குடித்திருப்பேன்.

மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விழுந்தது. உக்ரேன்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த வாக்கு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். வயதாகிவிட்டது, தனிமை, வீட்டுக்குள் மரம் முளைத்துவிட்ட ஊரில் மனிதருக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவள் அதைவிட இரண்டு மடங்கு உருக்கமாக மொழிபெயர்த்தாள் என்று நினைக்கிறேன். பேசப் பேச எனக்கு உசார் ஏறியது. உதாரணம் காட்டலாம் என்று எழும்பிப்போய், பிரிட்ஜ் கதவிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

"பாருங்கோ. எங்கடை வீடும் இப்பிடித்தான், சுத்திவரக் காடு. நாங்கள் போகவேணும் எண்டு நிக்கிறமோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். நான் காட்டிய கூரையைப் பார்த்தவுடனேயே இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இது புதுக் கூரை எண்டுறார். பத்துப் பதினைஞ்சு வருசம் ஆள் இல்லாத கூரை இப்பிடி இருக்காதாம். கூரைதான் முதல் போறதாம். இது ஆக்கள் புழங்கிற இடம்."

மூன்று மாதமாக நான் தொட்டுக் கும்பிட்டது ஏதோ ஒரு இராணுவக் கொட்டில்.

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: வீட்டில் என்ன மரம் நட்டிருந்தீர்கள்?

"பின்வேலியிலை தென்னை. ஏழு. அப்பா நட்டது."

அவருடைய விரல் படத்தின்மேல் மெதுவாக ஊர்ந்தது. காடு வரிசையில் நடுவதில்லை, வரிசையாக நின்றால் அது மனிதர் நட்டது என்று மகள் மொழிபெயர்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தையும் அயலவர் வீடுகளையும் அப்படித்தான் தேடிக் கண்டுபிடிப்பாராம். விரல் ஒரு இடத்தில் நின்றது. பச்சைக்குள் நான்கு நட்சத்திரப் பொட்டுகள், ஒரு இடைவெளி, பிறகு இரண்டு. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கறுப்பு வட்டம்.

மனைவி குனிந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"அஞ்சாவதுக்கு இடி விழுந்தது. எனக்கு அப்ப ஒன்பது வயசு" என்றாள். கறுப்பு வட்டத்தைத் தொட்டாள். "இது எங்கடை கிணறு."

பிறகு அழுதாள். சிரித்துக் கொஞ்ச நேரத்திலேயே, அதே மேசையில் அழுதாள். அவர் தேன் கரண்டியைத் துடைத்து அவளுக்கு முன்னால் வைத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எப்ப திறந்து விடுறாங்களோ, அப்ப நான் போவன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

அதற்குப் பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்து, போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லவும் இல்லை.

செப்டம்பரில் அவர் திரும்பிப் போனார், கீவுக்கு அல்ல, தன் ஊருக்கே. இரண்டு கிழமையாக உக்ரேன்காரி என்னோடு பேசவில்லை. தட்டங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. நான் சூடு பார்த்தேன், அவள் மூடினாள். பிறகு ஒருநாள் தேநீர் நேரத்தில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு ஆளை மறிக்கச் சொல்லித்தானே அண்ணை கேட்டனான். இப்ப ரெண்டு பேர் வெளிக்கிட்டு நிக்கினம்."

மன்னித்துக்கொள் என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவள் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் அங்கே தனியாகச் சாவார், தனக்கு ஒரு கிழமை பிந்தித்தான் தெரியவரும் என்றாள். நான் அவளுடைய தேநீர் ஆறும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு பையைத் திறந்து, மனைவி கொடுத்துவிட்ட போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் விட்டுப்போன தேன் போத்தல்தான். தேனை நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம். கழுத்துவரை தூள் நிறைத்திருந்தாள். ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துவிட்டுப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"இது காணாது அண்ணை" என்றாள். "இந்த முறை ரெண்டாத் தாங்கோ. பண்டியள் கூடிட்டுதாம்."